கற்கண்டு வீட்டுத் தேரை

"ஏன் பிராமி, நீ சேத்து வச்சிருக்கிற கல்லுல ஒன்னுகூட மின்னாதா?"

போன முழுப்பரீட்சை லீவில், விழுப்புரத்திலிருந்து வந்த மாமா மகன் ஜிதேந்திரன் இப்படிக் கேட்டான். பிராமிக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு எப்போதும், கேட்டவர்கள் பஸ் ஏறிப் போன பிறகுதான் பதில் வரும்.

பிராமி சேர்ப்பது கல்மரத் துண்டுகள். எத்தனையோ காலத்துக்கு முன் மண்ணில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாகிவிட்ட மரங்கள் அவை. பக்கத்தில் திருவக்கரைப் பூங்காவில் முழு மரங்களே கல்லாகக் கிடக்கின்றன. அங்கே ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது. ஆனால் அப்பா வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லையை உழும்போதும் சில துண்டுகள் மேலே வரும். பிராமி அவற்றைக் கழுவி அடுக்கி வைப்பாள். எல்லாமே பழுப்பு நிறம்தான்.

இப்போது காலாண்டு லீவு. ஜிதேந்திரன் மறுபடி வந்திருந்தான். வந்ததும் வராததுமாக அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள் பிராமி.

வரப்போரக் கற்குவியலில், குடம் அளவுக்கு ஒரு கல் கிடந்தது. வெளியே மரப்பட்டை போல வரிவரியாக இருந்தது. நடுவில் ஒரு பொந்து. பொந்து முழுக்கப் பளபளவென்று படிகங்கள்!

"யம்மாடி! கற்கண்டைக் கொட்டி ஒட்டுனாப்போல இருக்குது! நக்கிப் பாக்கட்டுமா?"

"பாரு. ஆனா உள்ள ஒருத்தர் குடியிருக்காரு."

ஜிதேந்திரன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு குனிந்தான். படிகங்களுக்கு நடுவே இரண்டு உருண்டைக் கண்கள். ஒரு தேரை!

அப்போது டிராக்டர் வந்து நின்றது. பாதைப் பள்ளத்தை நிரப்ப அந்தக் கற்களை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் அப்பா. டிராக்டர் ஓட்டும் தாண்டவராயன் குதித்து இறங்கினார்.

"ஒதுங்கு பாப்பா. இதான் கடைசி லோடு. இருட்டறதுக்குள்ள கொட்டணும்."

பிராமி ஒதுங்காமல் கல்லின் முன்னால் நின்றாள். "அண்ணா, இந்தக் கல்லு மட்டும் எனக்கு வேணும்."

"எடுத்துக்க. நான் மத்ததை ஏத்தறதுக்குள்ள ஜல்தி எடுத்துடு."

ஜிதேந்திரன் ஒரு குச்சியோடு வந்தான். "குத்தினா வெளிய வந்துடும்."

பிராமி குச்சியைப் பிடுங்கினாள். "உங்க வூட்டுக்குள்ள யாராவது குச்சி வுட்டா நீ சும்மா இருப்பியா?"

"சரி, கல்லை உருட்டிக்கினு போவோம்."

"அதுக்குத் தல சுத்தாதா?"

ஜிதேந்திரன் தேரையைப் பார்த்தான். இப்போதே அதற்குத் தலை சுற்றுவது போலத்தான் இருந்தது.

பிராமி பம்புசெட் கொட்டகைக்கு ஓடி ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து விரித்தாள். இருவரும் மூச்சுப் பிடித்துக் கல்லை அதில் ஏற்றி, வரப்பு வழியே மெல்ல இழுத்தார்கள். தாண்டவராயன் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"ஒரு தேரைக்கு ஊர்கோலமா? இருங்க, நானும் வர்றேன்."

ஒரு பக்கம் அவரும் பிடித்தார். வாய்க்கால் ஓரம், வாழை நிழலில் கல்லை இறக்கி வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார். பிராமி ஓர் உடைந்த பானையைத் தேடி எடுத்து, ஈரமண்ணில் படுக்கவைத்தாள்.

"இது எதுக்கு?" என்றான் ஜிதேந்திரன்.

"நாம அதோட வூட்டை எடுத்துக்கறோமே. அதுக்கு வேற வூடு வேணாமா?"

இருவரும் காத்திருந்தார்கள். தேரை அசையவில்லை.

"பிராமி! பொழுது சாயப்போவுது. சாப்பிட வாங்க!" வீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

அவர்கள் சமணர்கள். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். இப்போது விட்டால் மறுநாள் காலைதான். பிராமியின் வயிறு கடமுடவென்றது. ஆனால் எதிர் வரப்பில் ஒரு நாய் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

"நீ போய்ச் சாப்புடு ஜித்து. நான் போனா அந்த நாய் வந்துடும்."

ஜிதேந்திரன் ஓடினான். திரும்பி வரும்போது பின்னால் அம்மாவும் வந்தார், கையில் தட்டோடு. கேப்பை அடை, மல்லாட்டைத் துவையல்.

பிராமி திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அடையைப் பிட்டார்.

"கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே சாப்பாடு உண்டுன்னு சொல்வாங்க. அதுக்குக் காவல் இருக்கிற எம்பொண்ணுக்கு இல்லாம போயிடுமா? வாயைத் திற."

இருவருக்கும் மாறி மாறி ஊட்டினார். பிராமி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். கடைசி வாய் இறங்கியபோது, சூரியன் பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கியது.

"அத்தை, இந்தத் தேரை சாப்பிடாதா?" என்றான் ஜிதேந்திரன்.

"நமக்கு முடியற நேரந்தான் அதுக்கு ஆரம்பிக்கிற நேரம்."

சொல்லி வாய் மூடவில்லை. படிகங்களுக்கு நடுவிலிருந்து ஒரு குட்டிக் கால் வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று. தேரை மெல்ல வாசலில் வந்து உட்கார்ந்தது.

"இவ்ளோ பண்ணோம். ஒரு தேங்ஸாவது சொல்லுதா பாரேன்!" என்றான் ஜிதேந்திரன்.

இந்த முறை பிராமிக்குப் பதில் உடனே வந்தது.

"நாமதான்டா சொல்லணும். கற்கண்டு வூட்டையே நமக்குக் குடுத்துட்டுப் போவுதே!"

ஜிதேந்திரன் யோசித்தான். பிறகு கைகூப்பினான். "ரொம்ப நன்றிங்க, தேரை சார்."

தேரையின் தொண்டை உப்பியது. ஏதோ சொல்லப்போகிறது என்று மூன்று பேரும் குனிந்தார்கள். அது பானையின் வாய்க்குத் தாவியது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல உள்ளே இப்படியும் அப்படியும் பார்த்தது.

பிறகு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டது.