காணாமல் போன குடிநீர் மனுக்கள்

"சாயங்காலத்துக்குள்ள நான் திருடி இல்லைன்னு நிரூபிக்கணும். முடியுமா, முடியாதா?" என்று கேட்டுக்கொண்டேதான் அந்தப் பெண் உள்ளே நுழைந்தாள்.

துப்பறியும் அண்ணி பதறாமல் நாற்காலியைக் காட்டினாள். பதறும் பொறுப்பைத் தன் கொழுந்தனிடம் விட்டிருந்தாள். ஊரே அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும்.

வந்தவள் குடிநீர் அலுவலக எழுத்தர். குழாய் இணைப்புக்கு இணையத்தில்தான் மனு போட வேண்டும். மக்கள் கைப்பேசியில் போட்ட மனுக்கள் பல மாதங்களாக வந்து சேரவில்லை. அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில் போட்டவை மட்டும் ஒன்றுவிடாமல் வந்தன. சென்டர்காரர் அவளுடைய தாய்மாமன். மற்ற மனுக்களை அவள் அழித்து, மாமா கடைக்குக் கூட்டம் சேர்க்கிறாள் என்று அதிகாரி முடிவுகட்டிவிட்டார். சஸ்பெண்ட் உத்தரவு தயார். கையெழுத்துதான் பாக்கி.

"அண்ணி, மாமாதான்! மூஞ்சியைப் பார்க்காமலே சொல்றேன்" என்றான் அவசரம்.

"பார்த்துட்டே தப்பா சொல்லு. வா."

சென்டர் என்பது இரண்டு கடைகளுக்கு நடுவே மிஞ்சிய சந்து. உள்ளே கணினித் திரைகள் எல்லாம் நிலைக்கண்ணாடி மாதிரி நெட்டுக்குத்தாக நின்றன. அவசரத்துக்குக் கண் மின்னியது. "எதுக்கு இப்படித் திருப்பி வெச்சிருக்கீங்க?"

"படுக்க வெச்சா நான் ரோட்டுல நிக்கணும் தம்பி" என்றார் மாமா.

அவசரம் குனிந்து மேசைக்கடியில் தடயம் தேடி, தலையை இடித்துக்கொண்டான். அண்ணி தன் கைப்பேசியில், மாதாமாதம் வந்த மனுக்களின் கணக்கு இருக்கும் குடிநீர்த் துறையின் தரவுப் பக்கத்தைத் திறந்தாள். யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் துறையே எல்லாருக்கும் திறந்து வைத்திருந்த பக்கம் அது.

"மனு குறைய ஆரம்பிச்ச மாசம் ஆபீஸ்ல என்னம்மா நடந்துச்சு?"

"புது அதிகாரி வந்தார். வந்ததும் இணையதளத்தைப் புதுப்பிச்சார்."

அண்ணி மனுப் பக்கத்தைத் தன் கைப்பேசியிலும் மாமாவின் திரையிலும் ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

அதிகாரியின் அறையில் எல்லாரும் கூடினார்கள். அவசரம் கதவை மறித்து நின்றான், யாரும் ஓடுவதாயில்லை.

"சார், உங்க போன்லயே ஒரு மனு போடுங்களேன்" என்றாள் அண்ணி.

"எனக்குப் போடத் தெரியாதா?" அதிகாரி பெயர், முகவரி எல்லாம் நிரப்பினார். கடைசிப் பக்கம் திறந்தது. திரை முழுக்க அவரே கைகூப்பிச் சிரித்தார். தலைக்கு மேல் 'நன்றி, வணக்கம்'. அவரும் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் பக்கத்தை மூடினார். "முடிஞ்சுது. இதுல என்ன கஷ்டம்?"

அண்ணி எழுத்தரைப் பார்த்தாள். அவள் தன் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணும் வரலை சார்."

"இதையும் அழிச்சிட்டியா?"

"நீங்க அனுப்பவே இல்லையே சார், அவ எதை அழிக்க?" என்றாள் அண்ணி. "அனுப்புற பட்டன் உங்க படத்துக்குக் கீழே இருக்கு. கும்பிட்டு வழியனுப்புற ஆளைத் தாண்டி யாரு சார் கீழே போவா? மாமா கடையில திரை நிமிர்ந்து நிக்குது. நீங்களும் தெரியறீங்க, உங்க காலடியில பட்டனும் தெரியுது."

அவசரம் கதவை விட்டுவிட்டு அதிகாரியின் போனைப் பிடுங்கி விரலால் தள்ளினான். சட்டைப்பை, பெல்ட், அதற்கும் கீழே குட்டியாக ஒரு பொத்தான். "அண்ணி, குற்றவாளி கையும் களவுமா கும்பிட்டுக்கிட்டே நிக்கறார்!"

மாமா இருமி இருமிச் சிரிப்பை மறைத்தார். அதிகாரியின் முகம் படத்திலிருந்த முகமாக இல்லை. எழுத்தர் சஸ்பெண்ட் உத்தரவை எடுத்து அவர் முன் வைத்தாள். "ரத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வாயால வேண்டாம்."

எழுதினார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "படத்தை எடுக்க வேண்டாமே. பட்டனுக்குக் கீழே போட்டுடலாமா?"

"போடலாம் சார்" என்றாள் அண்ணி.

"கீழே போட்டா யாரு பார்ப்பா?"

"பட்டனை அங்க போடும்போதே இதைக் கேட்டிருக்கணும்" என்றாள் எழுத்தர். ரத்தான உத்தரவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள்.