வலிக்காத கால்

“இன்னைக்கும் எந்தம்பி மக தோத்து வந்தான்னு வையி... பொழுது சாயுறதுக்குள்ள நீ ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிரணும். ஆமா!”

சுந்தராம்பாள் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டே சொன்னாள். சோலையம்மாள் அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். சூடு விரலைச் சுட்டது. சுந்தராம்பாள் அவள் புருசனின் அக்கா. புருசன் செத்த பிறகு அந்த வீட்டில் சுந்தராம்பாள் சொன்னதுதான் நடக்கும்.

மகள் பாண்டீஸ்வரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். சோலையம்மாள் டிபன் டப்பாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“வாரேன் அத்தே.”

அத்தைக்கு மட்டும்தான் அந்த வார்த்தை. கரகரத்த குரல். பின்னால் இருந்து கேட்டால் பையன் பேசுகிறான் என்றுதான் நினைப்பார்கள். முன்னே இப்படி இல்லை.

சித்தப்பா செல்லப்பாண்டி பைக்கை உதைத்தான். அருப்புக்கோட்டை போய் மதுரை பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். மாநிலப் போட்டி. பத்தாயிரம் மீட்டர் ஓட்டம். பைக் எம்.ரெட்டியபட்டி ரோட்டில் திரும்புகிற வரைக்கும் சோலையம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் அவளிடம் பேசி ரெண்டு வருசமும் நாலு மாசமும் ஆகிறது.

சோலையம்மாளுக்குக் கரிமூட்டத்தில் வேலை. சீமைக்கருவேலை வெட்டி, அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, கரி அள்ளுகிற வேலை. ஒரு நாள் வெட்டினால் மறுநாள் தோள்பட்டை எரியும். ரெண்டாம் நாள் கை தூக்க வராது. அலுப்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால்தான் அவள் கண்ணில் அது முதலில் பட்டது.

மகள் அப்போது திருச்சுழி ரோட்டில் தினமும் இருபது கிலோமீட்டர் ஓடுவாள். சாயங்காலமானால் காலை நீட்டிவிடுவாள். “யம்மா, கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கு, அமுக்கி விடும்மா.” சோலையம்மாள் எண்ணெய் காய்ச்சி நீவிவிடுவாள். அது ரெண்டு பேருக்கும் பழக்கம். ஒரு நாள் மகள் காலை இழுத்துக்கொண்டாள். “வேணாம்மா. வலிக்கல.” மறுநாளும் வலிக்கல. ஒரு மாசமாக வலிக்கல. இருபது முப்பதானது. விடிந்ததும் புதுசாக எழுந்து ஓடினாள். வீடே கொண்டாடியது. சோலையம்மாள் மட்டும் மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடின கால் எப்படி வலிக்காமல் இருக்கும்?

அப்புறம் குரல் கட்டியது. மேலுதட்டில் பூனைமுடி கறுத்தது. மூணு மாசமாகத் தீட்டுத் துணி துவைக்க வரவில்லை.

யாருக்கும் தெரியாமல் மகளை டவுனுக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் மகள் அழுதாள். “என்னையவாம்மா சந்தேகப்படுற?”

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“நீங்க பயந்தது இல்லம்மா. இது வேற. டெஸ்டோஸ்டீரான்னு ஒரு சுரப்பு. ஆம்பளைக்கு நெறையச் சுரக்கும், நமக்குக் கொஞ்சம்தான். இந்தப் பிள்ளைக்கு ஊசியில ஏத்தியிருக்காங்க. ரத்தம் கூடும், சதை பிடிக்கும், அலுப்புச் சீக்கிரம் ஆறிடும். ஓட்டம் கூடத்தான் செய்யும். ஆனா குரலு திரும்புமோ திரும்பாதோ... ஈரலு, கர்ப்பப்பை எல்லாத்துக்கும் கேடு. போட்டியில மூத்திரத்தைச் சோதிச்சு மாட்டுனா நாலு வருசம் ஓட விடமாட்டாங்க. பேப்பர்ல பேர் வரும்.”

டவுனில் ஓடப் பழக்குகிறவன் போட்ட ஊசி. சத்து ஊசி என்று சொல்லியிருந்தான். செல்லப்பாண்டி ரெண்டு ஆட்டை விற்றுக் கொடுத்திருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. மகளுக்குப் பாதி தெரியும்.

“இன்னும் பத்து நாளுதாம்மா. போலீஸ் வேலைக்கு ஓடிட்டு நிறுத்திருறேன். எல்லாரும்தான் போடுறாக...”

“வேணாம் தாயி.”

“அப்பா இல்லாத வீடும்மா இது! நான் வேலைக்குப் போனாத்தான் நீ கரி அள்ளுறத விடுவ!”

சோலையம்மாளுக்கு வாதாடத் தெரியாது. போலீஸுக்கு ஆள் எடுக்கிற அன்றைக்கு விடியுமுன்னே மகளின் சர்டிபிகேட் பைலை எடுத்துப்போய்க் கரிச்சாக்குக்குள் செருகிவிட்டாள். வீட்டைத் தலைகீழாக்கித் தேடினார்கள். “நாந்தான் எடுத்தேன். தரமாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. சுந்தராம்பாள் முகத்தில் துப்பினாள்.

“ஒங்கண்ணன் மகனுக்குக் கட்டி வைக்கத்தானடி இந்த வேலை பாத்த? பெத்த வயிறாடி அது!”

மகளும் அங்கேதான் நின்றாள். அவளுக்குக் காரணம் தெரியும். அவளும் வாய் திறக்கவில்லை.

மகள் போகவேண்டிய பஸ் போன பிறகு பைலைக் கொண்டுவந்து வைத்தாள். பத்தாம் வகுப்புச் சர்டிபிகேட்டில் அவள் கட்டைவிரல் கரியாகப் பதிந்திருந்தது.

போலீஸ் வேலை போனதோடு ஊசியும் நின்றது. மகள் வாடிப்போனாள். ரெண்டு கிலோமீட்டர் ஓடவே மூச்சு முட்டியது. ஆறு மாசம் படுக்கையும் எரிச்சலும். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தாள். எந்தப் போட்டியிலும் ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் சோலையம்மாள்தான் ஏச்சு வாங்கினாள்.

இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ரெண்டு சேலை, புருசன் போட்டோ... கட்டைப்பையில் வைத்துக் கதவோரம் சாய்த்து வைத்தாள். அண்ணன் ஊர் பாலவனத்தத்துக்கு ஆறு மணிக்கு ஒரு பஸ் உண்டு. அழுகைகூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

ஐந்து மணிக்கு பைக் வந்தது. மகள் நொண்டிக்கொண்டு இறங்கினாள்.

“என்னத்தா... என்ன ஆச்சு?” சுந்தராம்பாள் ஓடினாள்.

“நாலாவது.”

“நாலாவதா!” சுந்தராம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். “அன்னைக்கு இருந்த வேகத்துக்கு நீ மொத ஆளால்ல வந்திருக்கணும்! இந்தப் பாதகத்தி கெடுத்தா... ஏய் சோலையம்மா, எடுடி பைய! போயிரு!”

சோலையம்மாள் பையைத் தூக்கினாள். யாரையும் பார்க்காமல் படி இறங்கினாள்.

“அத்தே... போதும்!”

அந்தக் கரகரத்த குரல் தெருவுக்கே கேட்டது.

“அன்னைக்கு ஓடுனது நான் இல்லத்தே. ஊசி! சத்து ஊசி இல்ல, ஆம்பளச் சுரப்பு. அதான் எனக்குக் கால் வலிக்கல. அதான் எங்குரலு போச்சு. டாக்டரம்மா சொன்னாக. ஓடியிருந்தா ஊசிய விட்டிருக்க மாட்டேன், ஒரு நா மாட்டியிருப்பேன். அம்மா காப்பாத்துச்சு. எல்லாம் எனக்குத் தெரியும்... தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கலத்தே!”

செல்லப்பாண்டி பைக் மேலேயே சாய்ந்துவிட்டான். “நான் வாங்கிக் குடுத்த ஊசியா தாயி... சத்துன்னுல்ல சொன்னான்...”

“இன்னைக்கு ஓடி முடிச்சதும் எனக்கு மூத்திரச் சோதனைக்குச் சீட்டுக் குடுத்தாக. ஒரு பொம்பள பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. எனக்குப் பயமே இல்லம்மா! ஒரு துளி பயம் இல்ல. ஆளச் சரி பாக்கச் சர்டிபிகேட்டக் கேட்டாக. இது என்ன கரின்னாக. எங்கம்மா கைன்னு சொன்னேன்... சொல்லிட்டு அங்கயே அழுதுட்டேன்...”

சுந்தராம்பாள் கிட்டே வந்தாள். சோலையம்மாள் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“ஏண்டி... வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ரெண்டு வருசமா பேச்சு வாங்கிக்கிட்டு... ஒரு வார்த்த சொன்னா என்னடி?”

“சொன்னா புள்ள பேரு என்னாகும்? ஆம்பளையா பொம்பளையான்னு ஊரு கேக்கும். எம்பேரு கெட்டாக் கெடட்டும். நானா கல்யாணத்துக்கு நிக்கேன்?”

சுந்தராம்பாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு பையோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் எண்ணெய்க் கரண்டி சத்தம் கேட்டது. சுந்தராம்பாளே எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள்.

பாண்டீஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி அம்மா மடியில் வைத்தாள்.

“யம்மா... வலிக்குதும்மா. கெண்டைக்கால் ரொம்ப வலிக்குது.”

சோலையம்மாளுக்கு அப்போதுதான் அழுகை உடைந்தது. கரி ஏறிக் கறுத்த விரலால் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரிதான் இருந்தது. தன் மகள் கால்.

“இங்கயா தாயி?”

“ஆங்... அங்கதான். மெதுவாம்மா! நாளைக்கு எந்திரிக்கவே முடியாது போல.”

“எந்திரிக்க வேணாம். படுத்துக் கெட” என்றாள் சோலையம்மாள். “நானும் நாளைக்கு மூட்டத்துக்குப் போகல.”