காலி வேகன்களின் கனம்

குகையைத் தாண்டி மேட்டில் திரும்பியதும் காலி வேகன்கள் கனத்தன.

அதை முதலில் கண்டுபிடித்தது டிரைவரின் காதுதான். காலியாக மேலே போகும்போது வேகன்கள் தகர டப்பாக்களைக் கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கடகடவென்று வரும். அன்று காலை குகைக்குள் நுழையும்வரை அப்படித்தான் வந்தன. உள்ளே, ஈரப்பாறையின் வாடை மூக்கில் ஏறிய கொஞ்ச நேரத்தில், அந்தச் சத்தம் ஒவ்வொரு வேகனாக அடங்கிக்கொண்டே பின்னுக்குப் போனது. வெளிச்சத்துக்கு வந்தபோது, தாது நிரம்பிய வண்டியைப் போல அடித்தொண்டையில் முனகியது. எஞ்சின் மூச்சு வாங்கியது. இழுக்கும் பாரத்தைக் காட்டும் ஆம்பியர் முள், காலி வண்டிக்கு எட்டவே எட்டாத இடத்தில் போய் நின்று நடுங்கியது.

அவனை எல்லோரும் மூணாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஓட்டும் டீசல் எஞ்சினின் நம்பர் அது. மலைமேல் இருக்கும் சுரங்கத்திலிருந்து அடிவாரத்து ஆலைக்குத் தாது இறக்குவதற்கென்றே போட்ட அந்தக் குட்டி ரயில் பாதை, பிறந்ததிலிருந்து மூன்றே மூன்று எஞ்சின்களைத்தான் பார்த்திருக்கிறது. முதலாவது நீராவி. அதன் பாய்லர் இப்போது யார்டில் தண்ணீர்த் தொட்டியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதும் நீராவிதான். ஒரு காலை ஷிஃப்ட்டுக்கு ஆட்களைக் காலி வேகன்களில் ஏற்றிக்கொண்டு போகையில் பழைய குகை இடிந்து அதன் தலையில் விழுந்தது. தோண்டி எடுப்பதைவிடப் பக்கத்திலேயே புதுக் குகை குடைவது சுலபம் என்று கம்பெனி கணக்குப் போட்டு, பழையதின் இரண்டு வாயையும் சுவர் வைத்து அடைத்துவிட்டது. எஞ்சின், டிரைவர், ஆட்கள் எல்லாம் உள்ளேயே.

அதெல்லாம் மூணாம் நம்பர் பிறப்பதற்கு முந்தைய சமாச்சாரம். ஆனால் போன வாரம் புதுக் குகையில் தண்ணீர் கசிகிறதென்று, நடுவிலிருந்த பாறையில் துளை போட்டு, பழைய குகையில் தேங்கிக் கிடந்ததை வடியவிட்டிருந்தார்கள். ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் துளை.

வண்டியின் கடைசியில் கார்டாக வந்தவன் அவன் மனைவியின் அண்ணன். எங்கேயோ பிரேக் கவ்விக்கொண்டு வருகிறது என்று வாக்கி-டாக்கியில் சொன்னதற்கு மச்சான் சிரித்தான். ராத்திரி தங்கச்சி வீட்டில் ரெண்டு பேரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டதுதான் கனக்கிறது என்றான்.

மேலே போய் வண்டியை நிறுத்தியதும் மூணாம் நம்பர் சுத்தியலோடு இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்தான். ஒன்றுகூடச் சுடவில்லை. பிரேக் எதுவும் உரசவில்லை. ஆனால் சக்கரங்களுக்கு மேலே, வில் மாதிரி வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாக நசுங்கிக் கிடந்தன. ஏணியில் ஏறி வேகனுக்குள் எட்டிப் பார்த்தான். காலி. அடித்தகடு மட்டும் நனைந்திருந்தது.

அப்போது ஷிஃப்ட் சங்கு ஊதியது.

அவன் பிடித்திருந்த வேகன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குலுங்கி, மெல்ல உயர்ந்தது. அடுத்ததும் உயர்ந்தது. அதற்கடுத்ததும். நிறைய பேர் அவசரமில்லாமல் இறங்குவதுபோல. பிறகு ஜல்லிக்கல் சரசரத்தது, சுரங்க வாசலைப் பார்த்து.

மச்சானிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. கார்டு வண்டியின் படியில் தண்ணீர் சொட்டுவதைத் தானும் பார்த்ததாகச் சொன்னான். யாரிடமும் உளறிவைக்காதே, சாயங்காலம் லோடை இறக்கிவிட்டு வீட்டைப் பார்த்துப் போவோம் என்றான். பகல் முழுக்க வேகன்கள் ஒவ்வொன்றாகத் தாதுவால் நிரம்பிக்கொண்டிருக்க, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் சங்கு ஊதியது. உயிரோடு இருக்கும் ஆட்கள் பஸ் ஏறிப் போனார்கள். பனி இறங்கியது. ஜல்லி மறுபடியும் சரசரத்தது. இந்தத் தடவை வண்டியைப் பார்த்து. ஏற்கெனவே நிரம்பி வழிந்த வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் ஓர் அங்குலம் தாழ்ந்தன.

இறக்கத்தில் பிரேக் பாதிதான் பிடித்தது. கருகிய இரும்பின் நாற்றம் கேபினுக்குள் வந்தது. குகை வந்ததும் இறங்கிவிடுவார்கள் என்று அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அவர்கள் வந்தது அங்கிருந்துதானே. குகை வந்தது. துளையிலிருந்து வந்த குளிர்காற்று முகத்தில் அடித்தது. குகை போனது.

கனம் குறையவில்லை.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "மாப்ள, இங்கயும் ஏறிட்டாங்க."

"எத்தனை பேரு மச்சான்?"

"உக்கார இடமில்ல." நிறைய பேர் மூச்சு விடும் சத்தம். அப்புறம், ரொம்பத் தணிந்த குரலில், "வீடு எப்ப வரும்னு கேக்கறாங்க."



வீடு. அடிவாரத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஒரே வரிசையாக நிற்கும் கம்பெனி குவார்ட்டர்ஸ். அந்தக் காலத்து ஆட்கள் குடியிருந்த அதே வீடுகள். முதல் வீடு எப்போதும் டிரைவருக்கு. இரண்டாவது எஞ்சினின் டிரைவர் இருந்த வீடு அது. இப்போது அதில் இருப்பது மூணாம் நம்பரும் அவன் மனைவியும்.

நிற்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட நினைத்தான். பிரேக்கை முழுசாக விட்டான். வண்டி வேகம் எடுக்கவில்லை. குவார்ட்டர்ஸ் வரிசைக்கு நேரே வந்து, தானாகத் தயங்கி, நின்றது.

ஸ்பிரிங்குகள் கிறீச்சிட்டன. ஒன்று. இன்னொன்று. கடைசிவரைக்கும்.

ஜல்லி.

கனம் இறங்க இறங்க வண்டி முன்னால் நகரப் பார்த்தது. பாய்ந்து பிரேக் பிடியை அழுத்தினான். கையை எடுத்தால் மொத்த லோடும் ஆலைக்குள் பாயும். பின்னாலிருந்து மச்சான் கைப்பிரேக்கை முறுக்கினால்தான் அவன் இறங்க முடியும். கூப்பிட்டான். "மச்சான். கைப்பிரேக்கைப் போடு மச்சான்." வாக்கி-டாக்கியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

வரிசையில் ஒரு கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. யாரோ ஒரு குழந்தையை உள்ளே போகச் சொன்னார்கள். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. யாரும் கத்தவில்லை.

முதல் வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. அவன் மனைவி கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். எதிரே ஆளில்லாத இடத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, "என்னங்க, இன்னைக்கு இவ்ளோ நனைஞ்சிருக்கீங்க?" என்றாள்.

ஹாரனை அழுத்தினான். மலை முழுக்க எதிரொலித்தது. அவள் எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. புருஷன் வீட்டுக்கு வந்தபிறகு எஞ்சினைப் பார்க்க என்ன இருக்கிறது.

வாசலோரக் குழாயைத் திறந்துவிட்டாள். விழுந்த தண்ணீர் தரையைத் தொடவில்லை. இடுப்பு உயரத்தில், குனிந்த ஒரு தலையின் மேல் பட்டதுபோல, சிதறி வழிந்தது. அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

துண்டு அவள் கையைவிட்டுப் போனது. விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக, ஒரு முகத்தின் அளவுக்குக் குவிந்து, துடைத்துக்கொண்டது.