செல்லத்தாய் இடுப்பில் ஓடிய கேசட்

“அத்தே, நீங்க உக்காருங்க. தண்ணிய நான் எடுத்தாறேன்” என்று விடிந்ததும் மருமகள் வேலுத்தாய் சொன்னபோது, செல்லத்தாயின் கையிலிருந்த குடம் நழுவப் பார்த்தது. பதினோரு வருஷத்தில் அப்படியொரு பேச்சை அவள் கேட்டதில்லை.

எல்லாம் இடுப்பில் தொங்கிய பெட்டியால் வந்தது. அடிக்கடி தலை சுற்றி விழுகிறாள் என்று காட்டப்போனதில், மதுரை டாக்டர் நெஞ்சில் வயர்களை ஒட்டி, டிரான்சிஸ்டர் ரேடியோ அளவில் ஒரு பெட்டியை வாரில் மாட்டி அனுப்பியிருந்தார். உள்ளே கேசட் ஓடியது. ஒரு நாள் முழுக்க இருதயம் அடிப்பதைப் பதியுமாம். எந்நேரம் என்ன செய்தாள் என்று தாளில் எழுதிவர வேண்டும். எட்டாவது படித்த வேலுத்தாய்க்கு அந்தச் சோலி.

முந்தாநாள்வரை வேலுத்தாயின் கட்சி வேறு. “மலை மேல மெட்டுத் தோட்டத்துக்குப் போகணும்னாத்தேன் இவுகளுக்கு மயக்கம் வரும். எல்லாம் நடிப்பு.”

மகன் சுருளியும் சொல்லிவிட்டான்: “பெட்டியில ஒண்ணுமில்லேன்னா பேசாம ஜீப்புல ஏறிரணும் ஆத்தா. ஏலக்கா பறிக்கிற இருபது பேருக்கு யாரு பொங்கிப் போடுறது?”

புருஷன் போன பிறகு ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்துப் போடிமெட்டின் பதினேழு வளைவையும் நடந்தே இறங்கி அவனை வளர்த்தவள், பெட்டி வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கேசட் என்றால் பேச்சைப் பிடிக்கும் என்பது போடியில் யாருக்குத் தெரியாது? டாக்டர் கேட்பாரே என்று அன்று வீடே அடங்கிவிட்டது. காப்பிக்குச் சீனி போதாததைச் சுருளி சைகையில் சொன்னான். அந்த வீட்டு மத்தியானச் சண்டை கேட்டுத்தான் பக்கத்து ஊரான ராசிங்காபுரத்தில் களை எடுப்பவர்கள் கஞ்சிக்குக் கரையேறுவது வழக்கம். அன்று பசி தாங்காமல், யாரும் இறந்துவிட்டார்களா என்று ஆள் விட்டு விசாரித்தார்கள்.

மூன்று மணிக்கு மேல், ஏலக்காயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த செல்லத்தாய் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். தூங்குகிறாள் என்று நினைத்த வேலுத்தாய், பெட்டிக்கருகே வாயைக் கொண்டுபோனாள்.

“டாக்டரய்யா... மருமக பேசுறேன். நடிப்புன்னு சொன்னது நாந்தேன். எம் பிரசவத்துல நாப்பது நாளு எந்துணியத் தொவச்சுப்போட்ட மனுசி இவுக... பெட்டியில ஒண்ணுமில்லேன்னாலும், மெட்டுக்குப் போகக்கூடாதுன்னு எழுதிருங்கய்யா. எம்புருசன் எம்பேச்சக் கேக்க மாட்டாரு.”

பெட்டியில் ஈரம் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேலே விழுந்த கண்ணீரை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் மதுரையில் டாக்டர் நீளக் காகிதத்தை விரித்தார். “எட்டுத் தடவை நாலு நொடி நின்னுபோய் ஓடியிருக்கு. இந்தம்மா எந்திரிச்சு வேலை பார்த்ததே பெருசு. மலைக்கெல்லாம் போகவே கூடாது. பேஸ்மேக்கர் வைக்கணும்.”

சுருளி தலை நிமிரவில்லை. “தப்புத்தேன் ஆத்தா... மெட்டுல நானே பொங்கிக்கிறேன்.”

“நீ பொங்குனா இருபது பேரும் மலைய விட்டு எறங்கிருவாகடா” என்றாள் செல்லத்தாய்.

டாக்டர் தாளைப் பார்த்தார். “மூணே காலுக்கு ஒரு தடவை நின்னிருக்கு. அந்த நேரத்துக்கு மட்டும் ஒண்ணும் எழுதலையே?”

வேலுத்தாய் உடைந்து அழுதாள். “நான் பேசுனதாலதேன் நின்னுச்சாய்யா?”

“என்ன பேசினீங்க?”

“கேசட்டுல... கேக்கலையா?”

“இதுல பேச்சே பதியாதும்மா. இருதயம் மட்டுந்தான். நீங்க பேசுனதால நிக்கவும் இல்லை.”

யாருக்கும் கேட்கவில்லை என்று வேலுத்தாய் பெருமூச்சு விட்டாள். செல்லத்தாய் அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்குக் கேட்டுச்சுத்தா. நாப்பது நாளு இல்ல... நாப்பத்தஞ்சு.”