கழுவிய கேரியர்

டெலிபோன் முதலில் அடித்ததா, தம்பி முதலில் கையைத் துடைத்துக்கொண்டானா... இந்த இடத்தில் என் ஞாபகத்தை நானே நம்புவதில்லை.

கேட்ட கதை. சொன்னவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள்.

ஆனால் நாற்காலியில் பிணம் இருந்தது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கண்ணாடிப் பட்டறையின் பின்னறை. சுவர் நெடுகச் சாய்த்து வைத்த நிலைக்கண்ணாடிகள். எல்லாவற்றிலும் அண்ணன். தலை தொங்கி, வாய் திறந்து... ஒரு செத்த மனிதர் ஒரு கூட்டமாகத் தெரிந்தார்.

தம்பி ரிசீவரை எடுத்தான்.

"தம்பி, நான்தான்." அண்ணியின் குரல். "கேரியர் வந்துடுச்சு. பளபளன்னு இருக்கு. நல்லா சாப்பிட்டாரா?"

"ஒரு பருக்கை விடல அண்ணி."

"ஊசி?"

"ஊசி போட்டுக்கிட்டுத்தான் சாப்பிட்டாரு. அப்புறம்... கொஞ்சம் குடிச்சாரு. இப்ப தூங்கறாரு. கதவுல மஞ்சத் துணி தொங்குது."

மறுமுனையில் கேரியர் மூடி திறந்து மூடுகிற சத்தம்.

"துணி தொங்குதா... அப்ப எழுப்பாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

அந்த மஞ்சள் துணி கண்ணாடி துடைக்கிற துணி. அண்ணன் குடிக்க உட்கார்ந்தால் அதைக் கதவின் வெளிக் கைப்பிடியில் மாட்டச் சொல்வார். மாட்டிவிட்டால் அவராகக் கூப்பிடும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது.

ஒருமுறை ஒருவர் போனார்.

கண்ணாடிக்கு ரசம் பூசுகிற மாஸ்டர். பட்டறையில் அவருக்கு ரசக்காரர் என்று பெயர். முதலாளி வேர்த்துக் கிடக்கிறாரே என்று பதறி, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார். எழுந்த அண்ணன் கண்ணாடி அளக்கிற இரும்பு ஸ்கேலை எடுத்தார்.

ரசக்காரருக்கு இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது.

அதற்குப் பிறகு துணி தொங்கினால் உள்ளே நெருப்பே பிடித்தாலும் பட்டறையில் ஒருவரும் கதவைத் தட்டமாட்டார்கள். அண்ணன் போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தைத்தான் தம்பி அன்றைக்குப் பயன்படுத்திக்கொண்டான்.

*

நடந்தது இதுதான்.

மதியச் சாப்பாடு அடுக்குக் கேரியரில் வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வார். போட்டுக்கொண்டார்.

"டேய், உனக்கு மாத்திரை, எனக்கு ஊசி. சர்க்கரை வியாதியிலகூட நான்தான்டா பெரியவன்" என்றார்.

தம்பி சிரித்தான். இத்தனை வருடங்களாக அண்ணன் சிரிக்கச் சொன்ன இடத்தில் எல்லாம் சிரித்திருக்கிறான்.

"பட்டறையை என் மாப்பிள்ளைக்குக் குடுக்கப் போறேன். அடுத்த மாசம் வந்து உக்காந்துடுவாரு. நீ கவலைப்படாத. துடைக்கிற வேலை உனக்கு எப்பவும் இருக்கு."

"சரிண்ணே."

"சரிண்ணேவா? கோவம் வரல?"

"எதுக்குண்ணே கோவம்? நல்ல சேதி. சாப்பாடு சூடா இருக்கு, கொஞ்சம் ஆறட்டும். அதுக்குள்ள..." தம்பி பாட்டிலை மேஜைமேல் வைத்தான்.

அண்ணன் கண்கள் விரிந்தன. "டாக்டருக்குத் தெரிஞ்சா என்னைத் தின்னுடுவான்டா."

"டாக்டர் எங்கண்ணே இங்க வந்தாரு?"

தம்பி வெளியே துணியை மாட்டிவிட்டு வந்து கதவைச் சாத்தினான். முதல் கிளாஸ் போனது. இரண்டாவது போனது. கேரியர் எட்டாத தூரத்தில், ஜன்னல் திட்டில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் நெற்றி நனைந்தது. கை நடுங்கியது. பேச்சு வழுக்கியது.

"சோ... சோத்தை எடு."

தம்பி கேரியரை எடுத்து வந்தான். அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தான். அடுக்குகளைப் பிரித்தான்.

சாப்பிட ஆரம்பித்தான்.

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சட்டைப் பையில் கையை விட்டுத் துழாவினார். அவசரத்துக்கென்று அண்ணி எப்போதும் அதில் மிட்டாய் போட்டு வைத்திருப்பாள்.

"காலையிலேயே எடுத்துட்டேன்" என்றான் தம்பி, மென்றபடியே. "முட்டை நல்லா வெந்திருக்குண்ணே."

எழப் பார்த்தார். கால் கேட்கவில்லை. கத்தினார். குழறலாகத்தான் வந்தது. வெளியே ரசக்காரரின் செருப்புச் சத்தம் கதவருகே நின்றது...

நின்றது...

விலகிப் போனது.

தம்பி நிதானமாகச் சாப்பிட்டான். அவன் வாழ்க்கையில் அண்ணன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டது அதுவே முதல் தடவை. அண்ணன் கண்கள் ஒவ்வொரு கவளத்தோடும் மேலே போய்க் கீழே வந்தன. பிறகு எங்கேயும் போகவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பின்பக்கக் குழாயில் கேரியரைத் தேய்த்துக் கழுவி, டெம்போ டிரைவரிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். யோசித்துச் செய்யவில்லை. கை அதன் போக்கில் செய்தது.

*

சாயங்காலம் கதவைத் தம்பியே திறந்து, தம்பியே அலறினான். போலீஸ் வந்தது. குடும்ப டாக்டரும் அண்ணியும் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கிளாஸை முகர்ந்தார். "குடிச்சு செத்தாரா, சர்க்கரையில செத்தாரா டாக்டர்?"

"ரெண்டும் கை கோத்துக்கிச்சு. ஊசி சர்க்கரையை இறக்கும். ரொம்ப இறங்கினா கல்லீரல் கொஞ்சம் சர்க்கரையை வெளியே விட்டுக் காப்பாத்தும். சரக்கு உள்ள போயிட்டா அந்த வேலை நின்னுடும். இறங்கிக்கிட்டே போகும்."

"பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? தள்ளாடுவார், குளறுவார், அப்படியே சாய்வார். குடிகாரனும் அதைத்தானே செய்வான். தூங்கறார்னு விட்டுடுவாங்க." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வயிறு நிறைய சாப்பிட்டிருந்தா ஓரளவு தாக்குப்பிடிச்சிருக்கலாம்."

"சாப்பிட்டாரே டாக்டர்" என்றான் தம்பி. "முழுசா சாப்பிட்டாரு."

அண்ணி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தம்பிக்கு அந்த அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. வண்டி பிடித்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான். டாக்டர் மேற்கொண்டு சொன்னது அவன் காதில் விழவில்லை.

*

சில வாரங்கள் போயின.

மாப்பிள்ளையை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள் அண்ணி. பட்டறை ஆட்களைக் கூட்டினாள். "இனிமே இவர்தான் முதலாளி. இவர் சொல்றதுதான் சட்டம்" என்றாள்.

தம்பிக்குத் தலை கால் புரியவில்லை. அன்று காலையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பியவன், புதுக் கட்டடம் ஒன்றுக்குக் கண்ணாடி அளவெடுக்க ஓடினான். ஒரு வாய் தண்ணீரோடு சரி. மதியம் திரும்பி, பின்னறைக்குப் போய், அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தான். எல்லாக் கண்ணாடியிலும் அவன்தான். பார்க்க நன்றாக இருந்தது.

அண்ணி உள்ளே வந்தாள். ஒரு கையில் கேரியர். இன்னொரு கையில் அண்ணனின் பழைய பாட்டில்.

"முதலாளி ஆயிருக்கீங்க. வெறுங்கையோட வரலாமா?"

"அண்ணி, நீங்களா இதை..."

"வீட்டுல இருந்தா அவர் ஞாபகம் வருது. நீங்களே தீர்த்துடுங்க. சாப்பாடு சூடா இருக்கு, கொஞ்சம் ஆறட்டும்."

தம்பிக்கு அந்த வார்த்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் மகிழ்ச்சியில் இருப்பவனுக்குக் காது மந்தம். 'செத்தவர் ஊசிக்காரர். நான் மாத்திரைக்காரன்' என்று நினைத்துக்கொண்டு ஊற்றினான். குடித்தான். மறுபடி ஊற்றினான்.

அண்ணி எதிரே உட்கார்ந்தாள்.

காதோரம் வேர்வை இறங்கியபோதுதான் அவன் கிளாஸைக் கீழே வைத்தான். கை நடுங்கியது.

"அண்ணி... சாப்பாடு."

அவள் கேரியரைத் தன் பக்கம் இழுத்தாள். பிரித்தாள். ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

தம்பி கையை நீட்டினான், எட்டவில்லை.

"என் கல்யாணத்துல இருந்து உங்க அண்ணனுக்குச் சாப்பாடு கட்டறேன்" என்றாள் அண்ணி. "ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவர் கேரியரைக் கழுவி அனுப்பினது இல்ல. மிச்சம் வச்சு, காயவச்சு, நாறடிச்சுத்தான் அனுப்புவாரு. அன்னைக்கு மட்டும் பளபளன்னு வந்துச்சு. நம்ம வீட்டுல சாப்பிட்ட ஏனத்தைக் கழுவி வைக்கற ஆம்பளை ஒருத்தன்தான். நீ."

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"அ... அண்ணி... மா... மாத்திரைதான்..."

"நீ வண்டி பிடிக்கப் போனப்புறம் டாக்டரைக் கேட்டேன். மாத்திரை போடறவங்களுக்குமானு. சில மாத்திரைக்கும் இதே கதைதான்னாரு. உன் மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். 'இதைப் போட்டுட்டு வெறும் வயித்துல குடிக்கவே கூடாதும்மா, சொல்லி வைங்க'ன்னாரு." இன்னொரு கவளம். "சொல்லிட்டேன்."

"அவரு... உங்களையும் அடிச்சாரு..."

"அடிச்சாரு. நல்லவர்னு நான் எப்ப சொன்னேன்? ஆனா பசிச்சவன் கண்ணைப் பார்த்துக்கிட்டே, நான் ஆக்கின சோத்தை எப்படிடா தின்ன? அதைத்தான் தினமும் யோசிச்சேன்." மென்று விழுங்கினாள். "முடியுது. அப்படி ஒண்ணும் கஷ்டமா இல்ல."

எழுந்தாள். மேஜையில் கிடந்த மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கண்ணாடிகளில் ஒரு கூட்டம் தம்பிகள் வேர்த்து வழிந்து, வாய் திறந்து, நாற்காலிகளில் இருந்து சரிந்தார்கள்.

வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி மெதுவாகச் சொல்வது கேட்டது.

"துணி தொங்குது, ரசக்காரரே. புது முதலாளிக்கும் அதே சட்டம்தானாம்."

செருப்புச் சத்தம் விலகிப் போனது.

*

அவன் சாகவில்லை.

அண்ணியே நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். உயிர் வந்தது. மூளை முழுசாக வரவில்லை. பேச்சு இல்லை, கை கால் இல்லை. கண் மட்டும் அசைகிறது.

இன்ஸ்பெக்டர் வந்து நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். "அண்ணனும் இதுல, தம்பியும் இதுல. கைது பண்றதுன்னா இந்த நாற்காலியைத்தான் பண்ணணும்" என்று கோப்பை மூடினார்.

டாக்டர், சொல்லி வைக்கச் சொன்னோமே என்று வருத்தப்பட்டார். ரசக்காரர் பட்டறையை நிர்வகிக்கிறார். மஞ்சள் துணியால் இப்போது கண்ணாடி மட்டும்தான் துடைக்கிறார்கள்.

தம்பி அதே பின்னறையில், சக்கர நாற்காலியில் இருக்கிறான். மதியம் அண்ணி கேரியரோடு வருவாள். எதிரே உட்கார்ந்து முதலில் தான் சாப்பிடுவாள், நிதானமாக. அவன் கண்கள் கவளத்தோடு மேலே போய்க் கீழே வரும். மிச்சத்தைக் குழைத்து அவனுக்கு ஊட்டுவாள். அம்மா மாதிரி அண்ணி என்று தெருவே மெச்சுகிறது.

அவளுக்கு ஒரே ஒரு குறைதான். கேரியரை இப்போது அவளேதான் கழுவ வேண்டியிருக்கிறது.