தனித்தடத்தில் வந்த கை

சாப்பாட்டு மணி அடித்ததும் பூவிழி தொடுவுறையை மாட்டிக்கொண்டாள். தூத்துக்குடிக் கிடங்கில் கிடக்கும் துணியைத் திருப்பூரில் இருந்தபடியே தடவிப் பார்க்கக் கம்பெனி வாங்கிய கையுறை அது. அங்கே உள்ள அழுத்தமும் சூடும் அப்படியே இங்கே வந்து சேரும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் துணிக்குப் பதிலாக, கிடங்கில் வேலை பார்க்கும் அவள் கணவன் குழந்தைவேலின் கை வரும். எப்போதாவது ஊருக்கு வருகிறவனோடு அவள் நடத்திய குடித்தனம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இரு கிளைகளுக்கும் இடையே தகவல் கொண்டுபோகும் தனித்தடத்துக்கு அவள்தான் பொறுப்பு. அதில் போவதைப் பிறர் நுழைய முடியாதபடி பூட்டி அனுப்ப வேண்டாமா என்று முதலாளி கேட்டபோது அடித்துப் பேசியிருந்தாள். பொதுவலைக்குத்தான் அந்த மறையாக்கப் பூட்டெல்லாம், இது நம் சொந்தத் தடம், யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றாள். வாடகை வீட்டை நம் வீடு என்கிற பழக்கம் தடத்துக்கும் வந்துவிட்டது. பூட்டினால் தொடுகை இமைப்பொழுது பிந்தும், கை மரத்ததுபோல் இருக்கும் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அன்றும் கை வந்து மெல்ல மூடிக்கொண்டது. காலையிலிருந்து இருந்த மனத்தாங்கலெல்லாம் கரைந்தது. அப்போது போன் அடித்தது. பல் டாக்டரிடம் மாட்டிக்கொண்டதாகவும் இன்று கை கொடுக்க முடியாது என்றும் குழந்தைவேல் வாயில் பஞ்சோடு குழறினான்.

அந்தக் கை இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கூசிப்போய் உறையைப் பிடுங்கி எறிந்தாள். விசாரித்ததில், தடத்தை வாடகைக்கு விட்டவர்களின் இணைப்பகம் ஒன்று வழியில் இருப்பது தெரிந்தது. அங்கே தடம் சோதிக்கும் சகாயம் எதையும் மறுக்கவில்லை.

"தப்புதாம்மா. எதிர்முனையில யாருமே வராம ஒங்க கை அப்படியே காத்துக் கெடந்துச்சு. மனசு கேக்கல, சோதன உறைய மாட்டி நானே கை கொடுத்துட்டேன்."

அழுகையும் ஆத்திரமுமாக அன்றே தடத்தைப் பூட்டினாள். இனி கிடங்கின் உறையைத் தவிர வேறு எதுவும் அவளைத் தொட முடியாது.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் கை சும்மாவே கிடந்தது. சாயங்காலம் அவள் போனில் கேட்டபோது குழந்தைவேல் ஒப்புக்கொண்டான்.

"வேல சாஸ்தி, பூவு. பாதி நாளு என்னால வரவே முடியல. நான் வராத நாள்லயும் இன்னைக்குக் கெட்டியாப் புடிச்சீங்க மாமான்னு நீ சொல்றப்பெல்லாம், என்ன மன்னிச்சுட்டுத்தான் அப்படிச் சொல்றியோன்னு நெனச்சேன்."

அவன் குரல் உடைந்துவிட்டது. திட்ட வாயெடுத்தவளுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. அவன் மன்னிப்பு என்று நம்பிக்கொண்டிருந்ததை அவள் ஒருநாளும் கொடுத்ததில்லை. இப்போது போனிலேயே கொடுத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் வேலையைப் போட்டுவிட்டுக் கிடங்கின் உறைக்கு ஓடி வந்தான். இமைப்பொழுது பிந்தி, வியர்த்துப்போய், சற்று முரட்டுத்தனமாக ஒரு கை அவள் கையைப் பற்றியது. அது அவள் கணவனுடையதுதான் என்று பூட்டு உறுதி சொன்னது. பூவிழிக்கு அதோடு புதிதாகப் பழக வேண்டியிருந்தது.