யாருடைய வலது?

மார்ச் 11, புதன். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘இடது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வலது’ என்று எழுதிவிட்டேன்.

சின்னத் தப்புதானா... யோசித்துவிட்டு, டைரியில் ‘சின்ன’ என்பதை அடித்தாள். மாலை வகுப்புக்குப் போகாமல் அக்கா மகனின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் எல்லோரும் ‘உருண்டை’ என்று கூப்பிடும் அவனுக்குப் பதினான்கு மாதம். ஒரு பக்க விதை மட்டும் விதைப்பைக்குள் இறங்கவே இல்லை. இனி தானாக இறங்காது, அறுவை சிகிச்சை செய்து இறக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமாவை, அதாவது அக்கா கணவரை, சம்மதிக்க வைக்கவே மூன்று மாதம் ஆயிற்று.

காலையில் அக்கா குழந்தையோடு போராடிக்கொண்டிருக்க, படிவத்தை நிரப்பியது இவள். வார்டில் இருந்த இளம் ஆண் நர்ஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டான். எழுதியிருக்கிறதே என்றாள். மறுபடியும் கேட்டான். நிமிர்ந்து முறைத்தாள்... அவனுக்கு மழை விட்ட ஜன்னல் போல் தெளிந்த கண்கள். முறைப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

“குழந்தையோட வலதா... இல்ல, நீங்க எதிர்ல நின்னு பார்த்த வலதா?”

டயபர் மாற்றும்போது எதிரில் நின்றுதானே பார்த்தாள்... காது வரை சூடேறியது. அவன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கோபமாக இருந்தது. படிவத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, அடித்துத் திருத்தினாள்.

அந்த அடித்தல் மாமா கண்ணில் பட்டது. பக்கமே தெரியாதவர்களிடம் பிள்ளையைக் கொடுக்க முடியாது, கிளம்பலாம் என்று பையைத் தூக்கிவிட்டார். திட்டெல்லாம் நர்ஸுக்கு. அவனோ அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. டாக்டர் தொட்டுப் பார்த்து, அறுக்க வேண்டிய பக்கத்தில் அம்புக்குறி போட்ட பிறகுதான் மயக்க மருந்தே கொடுப்பார்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாயைத் திறக்காவிட்டால் அவள் மானம் தப்பும். ஆனால் உருண்டை...

“மாமா, தப்பு என்னோடது. நான்தான் மாத்தி எழுதிட்டேன். இவர்தான் கண்டுபிடிச்சார்.”

மாமா அவளையே பார்த்தார். “சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாதவளையா படிக்க அனுப்பிட்டிருக்கோம்?” என்றபடி பையைக் கீழே வைத்தார்.

அறுவை சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. விதையை இறக்கித் தைத்தாயிற்று, எல்லாம் நல்லபடி என்று டாக்டர் சொன்னதும் அக்கா அழுதாள். மாமா அழாதவர் போல் மூக்கைச் சிந்தினார்.

யாரோ வந்து நிற்பது தெரிந்து டைரியை மூடினாள். அவன்தான். சீருடை மாற்றி, சாதாரணச் சட்டையில் இருந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

“என்னை ஏன் காட்டிக் கொடுக்கல?”

“கொடுத்திருந்தா அப்புறம் என் முகத்தைப் பார்ப்பீங்களா?” சற்றுத் தயங்கினான். “வேலை முடிஞ்சிருச்சு... அதான் சொல்றேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

“எனக்கும்.”

இவ்வளவு சீக்கிரமா சொல்வது... என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. உருண்டை தூக்கத்தில் சிணுங்கினான். தட்டிக்கொடுக்க இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள்.

அவன் போன பிறகு கடைசி வரியை எழுதினாள்.

நாளை: காலை எட்டு மணிக்கு, கட்டு நனையாமல் உருண்டையைத் துடைத்துவிட அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.